அசனார் காக்கா முனகிய பாட்டு

ஊர் ஊராகத் திரிந்து, கடைசியில் திருகோணமலையில் அசனார் காக்காவின் வள்ளத்தில் மீன்பிடிக்கச் சேர்ந்தவன் நான். இங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். போன மாரியில் காக்காவுக்குப் பாரிசவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. ஒரு சினிமாப் பாட்டின் மெட்டை மட்டும் முனகுவார். பாதியில் மறந்துபோகும். மிச்சத்தைச் சொல்லு என்பதுபோல என்னைப் பார்த்துத் தொடையில் அடிப்பார். எனக்கும் தெரியாது.

அந்த முனகலைத் தொலைபேசியில் பதிந்து, ‘பழைய தமிழ்ப் படப் பாட்டு, கண்டுபிடித்துத் தாருங்கள்’ என்று முகநூல் குழுவொன்றில் போட்டேன். ஆளுக்கொரு பாட்டைச் சொல்லித் தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். “ஐஸ் பெட்டிக்குள்ள இருந்தா பாடினவர்?” என்று முனகல் தெளிவில்லாததை ஒருவர் நக்கலடித்தார். சொன்ன பாட்டையெல்லாம் காக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் கையை உதறினார்.

“இனிப் போடாதீங்க தம்பி, மனுசன் அழுறார்” என்றார் அவர் மனைவி.

எரிச்சலில் பதிவை அழிக்கப் போனபோது, கந்தளாய்ப் பெண்ணொருவர் கேட்டிருந்தார்: “அவர் முந்தி எங்க வேலை செய்தவர்?”

“உங்கட கந்தளாய்ச் சீனி ஆலையிலதான்” என்று எழுதினேன்.

“ஆலையில சிங்கள ஆக்களும் நிறைய இருந்தவங்களே, அப்ப ஏன் தமிழில மட்டும் தேடுறீங்க? இது சிங்களப் படப் பாட்டு. இங்க எல்லாரும் பாடுவம்” என்று பாட்டையும் அனுப்பினார்.

போட்டேன். மறந்த இடம் வந்தபோது காக்கா நிற்கவில்லை. கடைசிவரை சேர்ந்து முனகிவிட்டு, திரும்பப் போடச் சொல்லி விரலால் காட்டினார்.

இப்போது யாருக்காவது பாட்டுத் தேடினால், அவர் எங்கே, யாரோடு இருந்தவர் என்பதை முதலில் விசாரித்து எழுதுகிறேன். பாட்டு இன்ன மொழி என்று நானாக முடிவுசெய்து எழுதுவதில்லை.