எவரிஸ்தோவின் ஏழு டப்பாக்கள்

ஏழாவது டப்பாவின் மூடியை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி அழுத்திவிட்டு, ஊரே மரியாதையாக 'டான்' சேர்த்துக் கூப்பிடும் எவரிஸ்தோ பின்னால் சாய்ந்து பார்க்கிறார். மாதத்தின் முதல் தேதி, காலை ஆறு மணி. எல் ஆல்தோ மலைநகரத்தில் தண்ணீர்த் தொட்டியின் மேல் படிந்த பனிக்கட்டியை இன்னும் யாரும் உடைக்கவில்லை. சமையலறை அலமாரியில் ஏழு பால் டப்பாக்கள் அணிவகுத்து நிற்கின்றன. ஒன்றிலும் எழுத்து கிடையாது, எல்லாம் அவருடைய டயர்க்கடைப் பெயிண்டில் வரைந்த படங்கள். தீக்கொழுந்து எரிவாயுவுக்கு. பல்பு மின்சாரத்துக்கு, தண்ணீரும் அதிலேயே அடக்கம். சக்கரம் பஸ்ஸுக்கு. உருளைக்கிழங்கு சந்தைக்கு. கூரைப் படம் மூன்றாம் மாடிக்குப் போட வேண்டிய கூரைக்கு. சவப்பெட்டி திடீர்ச் செலவுக்கு. கடைசியில் ஒரு புட்டி. அது வெள்ளிக்கிழமை பீருக்கு. அதை அவரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது.

"ஒரு டப்பா இன்னொரு டப்பாகிட்ட கை நீட்டக் கூடாது. அதான் என் வீட்டுச் சட்டம்" என்பார்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பதினாலு வயதில் ஒரு போர்வையோடு மலையேறி வந்து, பஞ்சர் ஒட்டியே மூன்று மாடி எழுப்பியவர். செங்கல் சுவரைக் கைமுஷ்டியால் தட்டிக் காட்டுவார். "இது எத்தனை லாரி டியூப்னு நினைக்கிறே? படிச்சவன் ஒருத்தன் கட்டட்டும் பார்ப்போம்!" இந்தத் தெருவில் படித்தவர்கள் எல்லாரும் வாடகை வீட்டில் இருப்பதால் பதில் சொல்ல ஆளில்லை.

பெரிய நோட்டை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோக மாட்டார். உடைத்த நோட்டு மாலைக்குள் காணாமல் போகும் என்பது அவர் கண்டுபிடிப்பு. சந்தைக்குக் கிளம்பும் முன் இரண்டு ரொட்டியும் ஒரு கோப்பை சூடான சோளக்கஞ்சியும் உள்ளே தள்ளியாக வேண்டும். "பசியோட போறவன் கண்ணால வாங்குவான்." எந்தப் பொருளின் மேல் ஆசை வந்தாலும் நாலு வியாழக்கிழமைச் சந்தை போகும்வரை பொறுக்க வேண்டும். இப்படிப் பொறுத்ததில் ஒரு ரேடியோவை அவர் இரண்டு வருஷமாக வாங்கவில்லை. இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் மூன்று மருமகன்களுக்கும் விளக்குவார். கடைக்குட்டி மருமகன் வில்மருக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது.

"மாமா, சூப் ஆறுது."

"ஆறட்டும். புத்தி சூடா இருக்கும்போதே ஏத்திக்க."

உருளைக்கிழங்கு டப்பா மட்டும் நெடுங்காலம் மனைவி பெனிதாவின் கையில் இருந்தது. மாதாமாதம் இருபத்தேழாம் தேதி அது காலியாகும். போன மாதம் அவருக்குப் பொறுக்கவில்லை.

"முப்பத்தொண்ணு வரைக்கும் கொடுத்த காசு எப்படிடி நாலு நாள் முன்னாடியே தீரும்?"

"தீர்ந்தா என்ன கிழவா? என்னைக்காவது இந்த வீட்டு அடுப்பு அணைஞ்சிருக்கா?"

நல்ல கேள்வி. அவர் காதில் விழவில்லை. மருமகன்கள் முன்னால் மேசையை அடித்தார். "அடுத்த மாசம் சந்தைக்கு நான் போறேன். முப்பத்தொண்ணுக்கு முன்னாடி டப்பா காலியானா, ஏழு டப்பாவும் இவ கைக்கு!"

வில்மர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினான்.

இருபத்திரண்டு வருஷமாக பெனிதா கிழங்கு வாங்குவது நிக்காசியாவிடம்தான். ஒருவரை ஒருவர் 'கசேரா' என்றே கூப்பிடுவார்கள், நம்ம வாடிக்கை என்று அர்த்தம். விற்பவளுக்கும் அதே பெயர், வாங்குபவளுக்கும் அதே பெயர். எவரிஸ்தோ முதல் வியாழக்கிழமையே நிக்காசியாவைத் தாண்டி நடந்தார். அடுத்த வரிசையில் கிலோவுக்கு அரை பொலிவியானோ குறைவு. வாங்கிக்கொண்டு, கறுப்புத் தொப்பியும் ஜெயித்த முகமுமாக அதே வழியாகத் திரும்பினார்.

"டான் எவரிஸ்தோ! வீட்ல பெனிதா சௌக்கியமா, இல்ல அவளையும் மாத்தியாச்சா?" என்று நிக்காசியாவின் குரல் வந்தது.

"குறைஞ்ச விலைக்கு வாங்கறது தப்பாம்மா?"

"தப்பே இல்ல. நல்லா வாங்குங்க. எண்ணி வாங்குங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. அன்று முதல் ரொட்டிக்காரி பத்து ரொட்டிக்குப் பத்து ரொட்டி கொடுத்தாள். வெங்காயக்காரி தராசு முள் நடுவில் நின்றதும் கையை எடுத்துக்கொண்டாள். மொச்சைக்காரி படியைக் கட்டைவிரலால் வழித்து அளந்தாள். இவர் அதைக் கவனிக்கவே இல்லை. மிச்சம் பிடித்த அரைக் காசுகள் சட்டைப் பையில் கிணுகிணுத்ததே அவருக்குப் போதும்.

இருபத்தொன்றாம் தேதி உருளைக்கிழங்கு டப்பாவைக் கவிழ்த்தார். அடியில் தட்டினார். ஒரு காசுகூட விழவில்லை.

முதலில் தராசு மேல் சந்தேகம். பக்கத்துக் கடைத் தராசை இரவல் வாங்கி வந்து எல்லாவற்றையும் நிறுத்தார். இம்மி பிசகவில்லை, எல்லாம் மிகச் சரியான எடை. அதுதான் கோளாறு என்பது அவருக்கு எட்டவில்லை. அடுத்து வில்மரைப் பிடித்தார்.

"நீ எத்தனை கிழங்கு திங்கறே?"

"நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் திங்கறேன் மாமா."

பெனிதா அவர் கையைப் பிடித்து மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போனாள். அங்கே ஒரு சாக்கு, வற்றிய வயிறு மாதிரி சுருண்டு கிடந்தது.

"இது என்ன?"

"கொசுறு மூட்டை. நிக்காசியா எடை போட்டப்புறம் நாலு கிழங்கு அள்ளிப் போடுவா. ரொட்டிக்காரி ஒண்ணு. மொச்சைக்காரி ஒரு பிடி. பாதி அன்னைக்கே பானைக்குப் போகும், பாதி இதுக்குள்ள. மாசக் கடைசி நாலு நாளு நாம திங்கறது இதைத்தான். இருபத்திரண்டு வருஷமா நீ தின்னுட்டு ஏப்பம் விட்டதும் இதைத்தான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்கே கேட்டே? பேசிக்கிட்டேல்ல இருந்தே."

எவரிஸ்தோ அலமாரி முன்னால் போய் நின்றார். கை கூரை டப்பாவரை போயிற்று. அதில் கனமாக இருந்தது. ஆனால் சட்டம் போட்டவர் அவரேதான். கை இறங்கி, அவருக்கே சொந்தமான கடைசிப் புட்டி டப்பாவை எடுத்தது. எந்தப் பாதிரியாரும் அவரைக் கேட்காத தியாகம் இது. அந்த மாதத்தில் மிச்சமிருந்த வெள்ளிக்கிழமைகளின் பீர்க் காசை அப்படியே சட்டைப் பைக்குள் கொட்டிக்கொண்டு, பெனிதாவின் பின்னால் சந்தைக்கு நடந்தார்.

நிக்காசியா தலை நிமிரவில்லை. "யாருக்கு வேணும்?"

எவரிஸ்தோ தொண்டையைச் செருமினார். லாரிக்காரர்களை அதட்டிய தொண்டை அது. "எனக்குத்தான்... கசேரா."

வரிசையில் மொச்சை உரித்த கைகள் நின்றன.

"ஏழு டப்பாவும் இனிமே யார் கையில?" என்றாள் நிக்காசியா. பந்தயச் சேதி சந்தைக்கு எப்போதோ வந்து சேர்ந்திருந்தது.

"அதை ஞாயித்துக்கிழமை மருமகனுங்ககிட்ட சொல்லிக்கறேன்."

"அவங்களுக்கு அன்னைக்குச் சொல்லுங்க. எங்களுக்கு இப்ப சொல்லுங்க."

"அவ கையிலதான்," என்றார். பிறகு, "நான் மேற்பார்வை."

"மேற்பார்வையும் நான்தான்," என்றாள் பெனிதா.

சிரிப்பு வரிசையின் கடைசிவரை ஓடித் திரும்பி வந்தது. நிக்காசியா சிரித்துக்கொண்டே கிழங்கை நிறுத்து, பெனிதா விரித்த நெசவுத் துணியில் கொட்டினாள். பெனிதா அதை முடிந்து முதுகில் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் நிக்காசியா குவியலுக்குள் இரண்டு கைகளையும் விட்டு அள்ளினாள். பெனிதாவைப் பார்க்கவில்லை, நேரே அவரைப் பார்த்து நீட்டினாள். விரலிடுக்கில் இருந்து ஒரு கிழங்கு உருண்டு விழப் பார்த்தது. வாங்கிக்கொள்ள அவரிடம் பையும் இல்லை, துணியும் இல்லை.

பிஷப்பே தெருவில் பவனி வந்த நாளிலும் அசையாத தன் கறுப்புத் தொப்பியைக் கழற்றி, மல்லாத்தி, இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தார் டான் எவரிஸ்தோ.