மாமாவின் பேச்சு ஸ்பானிஷ்

பதினோரு வயதுப் பிள்ளையிடம் போய், உன் சிறுவயது நினைவுகளை எழுதிக்கொண்டு வா என்று சொன்னால் அது என்ன செய்யும்? நான் அழுதேன். எனக்கு அப்போது நடந்துகொண்டிருந்ததே சிறுவயதுதான். அதற்குள் திரும்பிப் பார் என்றால் எந்தப் பக்கம் திரும்புவது? போதாக்குறைக்கு அதை ஸ்பானிஷில் எழுத வேண்டும்.

நாமக்கல் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஸ்பானிஷ் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் கோழிப்பண்ணைக்கு அடுத்தபடியாக நிறைய இருப்பவை பள்ளிக்கூடங்கள். ஒன்றில் நீச்சல்குளம் வெட்டினால் அடுத்ததில் குதிரை வாங்குவார்கள். எங்கள் பள்ளித் தாளாளர் ஒரு கோடை விடுமுறையில் வெளிநாடு சுற்றிவிட்டு வந்தார். குதிரைக்குத் தினமும் தீனி வைக்க வேண்டும் என்று யோசித்தாரோ என்னவோ, ஸ்பானிஷ் வகுப்பைத் தொடங்கினார். பைபாஸ் ரோட்டில் போர்டு வைத்தார்கள். அதில் இருந்த வெள்ளைக்காரப் பையனை நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை.

பாடம் நடத்தப் புதுச்சேரியிலிருந்து ஒரு மிஸ் வந்தார். படிப்பு முடித்த கையோடு வந்தவர். விடுதி அறையில் தங்கி, மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், எந்நேரமும் லேசாகப் பசித்தவர் போலவே இருப்பார். அவர்தான் சார்ட் அட்டையை எட்டாக மடித்து ஒரு குட்டிப் புத்தகம் செய்யச் சொன்னார். பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே ஒரு வரி. எல்லா வரியும் "நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது" என்று ஆரம்பிக்க வேண்டும். சனிக்கிழமை மண்டபத்தில் மேசை போட்டுப் புத்தகங்களை வைப்பார்கள், பெற்றோர்கள் வந்து பார்ப்பார்கள், முதல் மூன்று புத்தகங்களுக்குப் பரிசு.

எங்கள் வீடு மோகனூர் ரோட்டில், அப்பாவின் கோழிப்பண்ணையை ஒட்டி இருந்தது. அம்மா, அப்பா, நான், அம்மாவின் தம்பியான என் மாமா என நான்கு பேர். மாமா பண்ணையின் தீவன வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டாத நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார். அவர் பேசுவதை யாரும் நம்புவதில்லை என்பது எங்கள் வீட்டில் சுவர்க்கடிகாரம் போலப் பழகிப்போன விஷயம்.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. வாலிப வயதில் கரூரில் சினிமா பார்த்துக்கொண்டே சென்னையில் இன்டர்வியூவில் இருப்பதாகப் போன் செய்தவர் அவர். பிறகு திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் சேர்ந்து, போர்வெல் போடுகிறேன் என்று கிளம்பி, இரண்டு வருடம் ஆளைக் காணோம். எப்போதாவது போன் வரும், இரைச்சலாக இருக்கும், வைத்துவிடுவார். திரும்பி வந்தபோது தாடியும் மெலிந்த உடம்புமாக, ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் என்ற நாட்டில் இருந்தேன் என்றார். பாஸ்போர்ட் எங்கே என்று அப்பா கேட்டார். பம்பாயிலிருந்து வரும்போது ரயிலில் பையோடு திருட்டுப் போய்விட்டதாம். அப்பா அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கோழிகளெல்லாம் கத்த ஆரம்பித்துவிட்டன என்று அம்மா சொல்வார். போதாததற்கு, மாமாவை ராய்ப்பூரில் ஒரு டீக்கடையில் பார்த்ததாகத் தெரிந்தவர் ஒருவர் சத்தியம் செய்தார். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து பெண் கொடுக்க வந்தவர்கள், மாப்பிள்ளை இரண்டு வருடம் எங்கே இருந்தார் என்று கேட்டபோது, "ஆப்பிரிக்காவுலீங்க" என்று மாமா சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான்.

எனக்கு மாமாவின் கதைகள் பிடிக்கும். உண்மையா பொய்யா என்று நான் கேட்டதே இல்லை.

புத்தகத்துக்கு நினைவு தேடி முதலில் அம்மாவிடம் போனேன். நான் நாலு வயதில் காணாமல் போன கதை எங்கள் வீட்டில் பிரசித்தம். வாய்க்கால் வரைக்கும் ஆட்கள் போய்த் தேடினார்களாம். "கட்டிலுக்கு அடியில தூங்கிட்டு இருந்த கண்ணு. நாந்தான் பாத்தேன்" என்றார் அம்மா. அப்பாவிடம் கேட்டால், "காணாமப் போனது நீயில்ல, உங்க பெரியப்பன் புள்ள" என்று ஒரேயடியாக என் நினைவையே பிடுங்கிக்கொண்டார்.

மாமாதான் அதைத் திருப்பிக் கொடுத்தார். "அவுங்களுக்கு என்ன தெரியும் சாமி? தீவனக் குடோன்ல மூட்டைக்கு நடுவுல நீ தூங்கிட்டு இருந்த. கூண்டுல இருந்து தப்பிச்ச கோழி ஒண்ணு உம்பட மடியில உக்காந்திருந்துச்சு. நான் தூக்கப் போனா என்னையக் கொத்துது. கோழியத் தூக்கிப் பாத்தா அதுக்கடியில ஒரு முட்டை. சூடா இருந்துச்சு. பாத்துக்க."

அந்தச் சூட்டை என் மடியில் நான் அப்போதே உணர்ந்தேன். எட்டுப் பக்கத்துக்கும் விஷயம் கிடைத்துவிட்டது. மூட்டைகள், கோழி, முட்டை, மாமா, அழுகிற அம்மா, வாய்க்காலில் கொம்பு விட்டுத் துழாவும் அப்பா என்று வரைந்து தள்ளினேன். வார்த்தைகள்தான் பாக்கி. தெரிந்த வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அகுவா, தண்ணீர். அகுவா, தண்ணீர்."

தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்த மாமா அப்படியே நிமிர்ந்தார்.

"என்ன சொன்ன?"

"அகுவாங்க மாமா. ஸ்பானிஷ்ல தண்ணி."

"அட, இது எங்க பாஷை!" என்று சோற்றுக் கரண்டியோடு எழுந்து வந்துவிட்டார். "அங்க அப்படித்தான் சொல்லுவாங்க. போர் போடப் போனவனுக்கு முதல்ல தெரிய வேண்டிய வார்த்தையே அதுதான. பாஷைக்குப் பேரு என்னன்னு இத்தன நாளாத் தெரியல. ஸ்பானிஷா அது!"

அம்மா சமையலறையிலிருந்து, "டேய், பச்சப்புள்ளகிட்டயுமா?" என்றார்.

மாமா காதில் வாங்கவில்லை. அன்று மாலையே என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கோழிக்கு என்ன மாமா? கலீஞா. முட்டைக்கு? ஓவு. சின்னப் பெண்ணுக்கு? மெனீனா. கேட்கக் கேட்க வந்து விழுந்தது. மிஸ் கரும்பலகையில் எழுதிப்போட்ட "குவாந்தோ ஏரா பெக்கேன்யா" என்ற அந்த ஆரம்ப வரியைக்கூட அவர் "குவாந்து ஏரா பெக்கேனா" என்று திருத்தினார். எனக்குச் சந்தேகம் வந்தது.

"ஏனுங்க மாமா, மிஸ் நன்றிக்கு கிராசியாஸ்னு சொன்னாங்க. நீங்க ஒப்ரிகாதுங்கறீங்க?"

மாமா கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. "பொஸ்தகத்துல வீடுன்னு இருக்குது. நாம என்ன சொல்றோம்?"

"ஊடுங்க."

"அதேதான் சாமி. உங்க மிஸ்ஸு சொல்றது பொஸ்தக ஸ்பானிஷு. நான் சொல்றது பேச்சு ஸ்பானிஷு."

இதைவிடத் தெளிவாக உலகத்தில் யாராலும் விளக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. வகுப்பில் எல்லோரும் புத்தக ஸ்பானிஷில் எழுதப் போகிறார்கள், நான் மட்டும் பேச்சு ஸ்பானிஷில். பரிசு எனக்குத்தான். எட்டு வரிகளையும் மாமா சொன்னபடியே எழுதி, கடைசிப் பக்கத்தில் கோழியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அவர் படத்துக்குக் கீழே பெரிதாக ஒப்ரிகாது என்று வண்ணம் தீட்டினேன்.

வியாழக்கிழமை கொடுத்த புத்தகம் வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது. திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு வட்டம். கலீஞாவைச் சுற்றி ஒன்று, ஓவுவைச் சுற்றி ஒன்று, மெனீனாவுக்கு ஒன்று. பின்னட்டையில் மிஸ் எழுதியிருந்தார்: "இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நாளைக்கு அவசியம் அவரை அழைத்து வரவும்."

எங்கள் பள்ளியில் ஒருவரை அழைத்து வரச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பள்ளி வேனில் வீடு வரைக்கும் புத்தகத்தை வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் நுழைந்ததும் உடைந்துவிட்டேன். அப்பா புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது, ஆனால் சிவப்பு மை தெரியும்.

"ஒரு வார்த்தை தேறல பாரு!" என்று சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "ஆப்பிரிக்கா போன லட்சணம் இதுதான் மாப்ள. ராய்ப்பூர்ல இப்படித்தான் பேசுவாங்களா?"

எப்போதும் இப்படிக் கேட்டால் மாமாவும் கூடவே சிரிப்பார், அல்லது இன்னொரு கதையை எடுத்துவிடுவார். அன்று புத்தகத்தை வாங்கி, ஒவ்வொரு சிவப்பு வட்டத்தின் மேலும் விரலை வைத்து வைத்துப் பார்த்தார். சாப்பிட வரச் சொன்னதற்கும் வரவில்லை.

"நீ போக வேண்டாம்டா. நான் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வாரேன்" என்றார் அம்மா.

"இல்லக்கா. எழுதச் சொன்னது நானு. நாந்தான் போகோணும்."

சனிக்கிழமை காலையில் மாமா சவரம் செய்து, கல்யாணங்களுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அம்மாவும் அப்பாவும்கூட வந்தார்கள். அப்பா வந்தது வேடிக்கை பார்க்கத்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மண்டபம் முழுக்கப் புத்தகங்கள். எல்லோரும் பிறந்தநாள் கேக், ஊட்டிப் பயணம் என்று வரைந்திருந்தார்கள். என் தோழியின் புத்தகத்தில் யானைச் சவாரி இருந்தது, அதன்மேல் தங்க நட்சத்திரம் ஒட்டியிருந்தது. என் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்த மாமாவின் கையைப் பிடித்தேன்.

மிஸ் வந்தார். "இவர்தானா?" என்று என்னிடம் கேட்டார். நான் தலையை ஆட்டினேன், காட்டிக்கொடுத்தவளைப் போல. மாமா கைகளைக் கட்டிக்கொண்டார்.

மிஸ் அவரை நேராகப் பார்த்து, "போம் தியா" என்று வணக்கம் வைத்தார்.

மாமா சடாரென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மிஸ் இன்னொரு வரி சொன்னார். கேள்வி போல இருந்தது. மாமா மெதுவாக ஏதோ பதில் சொன்னார். மிஸ் சிரித்துக்கொண்டே இன்னொன்று கேட்டார். அப்புறம் நான் பார்த்தது என் மாமாவே இல்லை. கட்டியிருந்த கை அவிழ்ந்தது. பேசினார். நிறுத்தாமல் பேசினார். இரண்டு கையாலும் குழாயை இறக்கினார், மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்தார், தண்ணீர் பீறிட்டு மேலே அடிக்கும்போது தலைக்கு மேல் கையை விரித்தார், சின்னப்பிள்ளைகள் அதில் குதித்து நனைவதை நின்ற இடத்திலேயே குதித்துக் காட்டினார். நடுவில் மிஸ் ஏதாவது வார்த்தை புரியாமல் புருவத்தைச் சுருக்கினால் வேறு வார்த்தை போட்டு விளக்கினார். பக்கத்து மேசைப் பெற்றோர்களெல்லாம் திரும்பிவிட்டார்கள். மிஸ்ஸுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. அந்த நேரத்தில் அவர் பசித்தவர் போலவே இல்லை.

மிஸ் அப்பாவிடம் திரும்பினார். "பொண்ணு எழுதினது ஸ்பானிஷ் இல்ல சார். போர்த்துகீசியம். ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி. ஸ்பானிஷோட சேர்த்து அதையும் நான் படிச்சேன், ஆனா புத்தகத்துலதான் படிச்சேன். சார் பேசறது அங்க இருக்கற ஜனங்க பேச்சு. அந்த ஊர்ல கெடந்து பழகாம இது வராது. எந்த ஊர்ல இருந்தீங்க சார்?"

"மொசாம்பிக்குங்க" என்றார் மாமா.

"அதான். அங்க இந்த பாஷைதான் பேசறாங்க."

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இதெல்லாம் முக்கியமாகப் படவில்லை. மிஸ் குனிந்து என் கன்னத்தைத் தட்டி, "படத்துக்குப் பத்துக்குப் பத்து. ஆனா ஸ்பானிஷுக்கு மார்க் போட முடியாதேடா, ஒரு வரிகூட ஸ்பானிஷ் இல்லையே" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பரிசும் போனது, பூஜ்யமும் வந்தது. இந்தப் பெரியவர்கள் யாருமே அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அப்பா என் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் புரட்டினார். கோழிப் படம் இருந்த பக்கத்தில் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏன் மாப்ள, அந்த ஊர்ல கோழிக்கு என்ன தீனி வெக்கறாங்க?"

மாமா திரும்பி வந்து இரண்டு வருடமாகியிருந்தது. அப்பா அந்த ஊரைப் பற்றி அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"மக்காச்சோளமுங்க மச்சான்" என்று ஆரம்பித்தார் மாமா. "தானாவே மேயுமுங்க, கூண்டெல்லாம்..." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெள்ளைச் சட்டையின் கைப்பகுதியால் முகத்தைத் துடைப்பது தெரிந்தது. துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"அழுவாதீங்க மாமா. ஒரு பூஜ்யம்தானுங்க. நான் மிஸ்ஸுகிட்ட நல்லாப் படிச்சு, உங்களுக்கும் சரியான ஸ்பானிஷ் சொல்லித் தாரேன்."

அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே என்னை நாலு வயதுப் பிள்ளையைப் போலத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். மண்டபத்தில் எத்தனையோ மாமாக்கள் வந்திருந்தார்கள். என் மார்க்குக்காக இப்படிக் கண்கலங்கும் மாமா வேறு ஒருத்திக்கும் வாய்க்கவில்லை என்று அன்று முழுவதும் பெருமையாகத் திரிந்தேன்.