நாலு என்று எழுதிய எமிலியானுஸ்

மன்னாரிலிருந்து வந்து பதினாறு வருடமாக மொன்றியல் துறைமுகத்துக் களஞ்சியத்தில் பெட்டி இறக்குகிற எமிலியானுஸ், குளிர்காலத்தில் பஸ் தரிப்புவரை காற்றுக்கு முதுகைக் காட்டி, பின்பக்கமாகத்தான் நடந்து போவார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எதிர்க்காற்று இடது கன்னத்தில் பட்டால் அவருக்கு உயிர் போய் வரும்.

2001இல் ஒரு வைரஸ் மூளைக்குள் ஏறி அவரைப் பதினெட்டு நாள் நினைவில்லாமல் கிடத்தியது. கிருமி போய்விட்டது, பாழாய்ப்போனது, போகிற போக்கில் அந்தக் கன்னத்தில் நெருப்பை வைத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து அந்தப் பக்கம் சவரம் இல்லை. சாப்பாடு வலது கடைவாயால்தான். குளிசைகள் தூக்கத்தைத் தந்தனவே தவிர சுகத்தைத் தரவில்லை. மனுசன் களைத்துப்போனார். ஆனால் யார் கேட்டாலும் "பரவாயில்லை" என்ற ஒரே பதில்.

ஐந்து வருடம் கழித்து ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் எடுத்தார்கள். மண்டையைத் திறந்து, மூளையின் மேல் சின்னத் தகடு ஒன்றை வைத்து, மெல்லிய மின்சாரத்தால் நோவை அடக்கிப் பார்க்கிற சத்திரசிகிச்சை. எமிலியானுசுக்கு வேறு வழி மிச்சமில்லை. சேருவதற்கு முன் மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், ஒரு கொப்பியில் நோவுக்குச் சைபர் முதல் பத்து வரை ஓர் இலக்கம் போடவேண்டும்.

தாதி கொப்பியைப் புரட்டினாள். நாலு, நாலு, நாலு. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மூன்று!

"இவ்வளவு குறைஞ்ச நோவுக்கு மண்டையைத் திறக்கமாட்டினமாம்," என்று மகள் ஜொய்சி பிரெஞ்சிலிருந்து மாற்றிச் சொன்னாள். "ஏனப்பா நாலு போட்டனீங்கள்?"

"பத்தெண்டால் சிலுவையில தொங்கினவற்ற நோ, பிள்ளை. அவருக்குப் பக்கத்தில நான் என்னெண்டு போய் நிக்கிறது?"

ஜொய்சி தலையில் கையை வைத்தாள். பிறகு அதையும் தாதிக்குப் பிரெஞ்சில் சொன்னாள். தாதி சிரிக்கவில்லை. ஆராய்ச்சியில் கடைசி இடம் ஒன்றை இன்னும் மூன்று கிழமைக்கு வைத்திருப்பதாகச் சொல்லி, புதுக் கொப்பி ஒன்றைக் கொடுத்தாள். "உங்கட நோவை மட்டும் எழுதட்டாம்," என்றாள் ஜொய்சி.

விசயம் கேட்டு மனைவி இமெல்டா வெடித்தாள். "முகத்தில துவாய் படேலாது. பேரப்பிள்ளையைக் கொஞ்சேலாது. அதுக்கு நாலோ? நீங்கள் கூட்டி எழுதினால் ஆண்டவருக்கு என்ன குறைஞ்சு போகும்?"

எமிலியானுஸ் சாப்பாட்டு மேசையில் கொப்பியை விரித்துக்கொண்டு கனநேரம் இருந்தார். தேநீர் ஆறிப்போனது. கடைசியில் ஒன்பது என்று எழுதினார். எழுதியதைத் தானே பார்த்தார். ஐந்து வருடமாக ஒருவருக்கும் சொல்லாதது அந்த ஒற்றை இலக்கத்தில் கிடந்தது.

"எனக்கு ஏலாதப்பா, இமெல்டா," என்றார். "நான் நல்லாக் களைச்சுப் போனன்."

கண்ணீர் இடது கன்னத்தில் இறங்கியது. இமெல்டா துடைக்கக் கையைக் கொண்டுபோனாள்.

"தொடாதை. எரியுது."

கை அந்தரத்தில் நின்றது. "அப்ப பத்தெண்டு எழுதுங்கோவன்!" என்று அவளும் அழுதாள்.

அவர் கொப்பியை மூடினார். "பத்து அவருக்கு இருக்கட்டும்."