நிறுத்தத்தில் நிற்பவர்கள்

எங்கள் கண்டக்டரம்மாவோடு ஒரு நாள் வேலை பார்த்தால் போதும், காது அடைத்துவிடும். தொண்டை அப்படி. "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள என்ன புலியா இருக்கு?" என்று அவள் போடும் சத்தத்தில், படிக்கட்டில் தொங்கும் வீராதி வீரர்கள்கூடப் பூனைபோல உள்ளே நகர்ந்துவிடுவார்கள். அந்த வண்டிக்கு நான் டிரைவர். நான் முன்னால், அவள் பின்னால். ஒரு விசில் என்றால் நிறுத்துவேன், இரண்டு விசில் என்றால் திரும்பிப் பார்க்காமல் கிளப்புவேன். வருஷக்கணக்காக எங்களுக்குள் பேச்சே அதுதான். என்மேல் கோபமென்றால் விசில் கொஞ்சம் நீளமாக வரும், அவ்வளவுதான்.

பெற்ற மகள் ஏறினாலும் டிக்கெட் எடுக்கச் சொல்வாள். கடைசிப் பயணி இறங்காமல் தான் இறங்க மாட்டாள். தூங்கி வழிகிறவனைத் தட்டியெழுப்பி, திட்டி, வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் பையைக் கழற்றுவாள்.

பிறகு வானத்திலிருந்து சாம்பல் விழ ஆரம்பித்தது. எங்கிருந்து என்று சொல்ல ரேடியோவில் ஆள் இல்லை. அதை அதிகம் சுவாசித்தவர்கள் சாகவில்லை. செத்திருந்தால் அழுது தீர்த்திருப்போம். அவர்கள் தினமும் எங்கே நிற்பார்களோ அங்கே போய் நின்றுவிட்டார்கள். வங்கி வாசலில், பள்ளிக்கூட கேட்டில், முக்கால்வாசிப் பேர் பஸ் நிறுத்தங்களில். கண் திறந்திருக்கும். இழுத்தால் மரம்போல அப்படியே சாய்வார்கள். கேட்டால் ஒரே ஒரு வார்த்தை வரும், இறங்க வேண்டிய இடத்தின் பெயர். வேறு எதுவும் எந்த வாயிலிருந்தும் வந்ததில்லை.

மிஞ்சிய நாங்கள் ஊருக்கு வெளியே தண்ணீர் நிலையத்தின் மதிலுக்குள் இருந்தோம். அரிசியும் டப்பா உணவும் தேட, மூக்கில் ஈரத்துணி கட்டி, ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் போவோம். அங்கேயும் நான் முன்னால், அவள் பின்னால், அதே விசில். ஆனால் நிற்பவர்கள் பக்கத்தில் மூச்சுவிடும் சத்தம்கூடக் கூடாது. ஒருமுறை வங்கி வாசலில் எங்களில் ஒருவர் தும்மினார். அத்தனை தலையும் ஒன்றாகத் திரும்பியது.

அவள் மகள் சாம்பல் விழுந்த அன்று காலையில் கல்லூரிக்குப் போனவள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டரம்மா நின்று நின்று முகம் பார்ப்பாள்.

"இன்னிக்கு ஆஸ்பத்திரி பக்கம் போலாமாண்ணே? அங்க மட்டும் இன்னும் பாக்கலையே."

"அரிசி இருக்கிற பக்கம் போகலாம்மா. சோறு வேணாமா?" என்று எரிந்து விழுந்தேன். பிறகு ஆஸ்பத்திரி பக்கமே திரும்பினேன். மனசு கேட்காது, என்ன செய்வது?

அன்று மதியம்தான். வெளிச்சம் சாயங்காலம்போல் மங்கியிருந்தது. ஆஸ்பத்திரி நிறுத்தத்தைத் தாண்டும்போது பின்னால் கத்தல் கேட்டது. "பாப்பா!"

தோளில் பையோடு மகள் நின்றிருந்தாள். இமைகளில் சாம்பல். அம்மா முந்தானையால் துடைத்தாள், கன்னத்தைப் பிடித்தாள், கெஞ்சினாள், வழக்கம்போலத் திட்டவும் செய்தாள். மகள் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற தலைகள் மெல்லத் திரும்பின. தெருக்கோடியில் சாம்பல் திரண்டு வந்தது.

"கிளம்பும்மா. எல்லாரும் மாட்டிப்போம்" என்றேன்.

"நீங்க இவங்களக் கூட்டிட்டுப் போங்க. நான் வரல."

"பைத்தியமா உனக்கு?"

"போங்கன்றேன்ல!" என்றவள், என்னை விரட்ட விசிலை வாயில் வைத்து இரண்டு முறை ஊதினாள். நீளமாக.

நான் பழக்கதோஷத்தில் காலை எடுத்து வைத்தேன். என்னோடு அந்த நிறுத்தமே காலை எடுத்து வைத்தது. பஸ்ஸுக்காக நின்றவர்கள்தானே எல்லாரும்! மகளும் நடந்தாள், அவளோடு அம்மாவும். கயிற்றைப் பிடித்திருந்த எங்களுக்குப் பின்னால் அவர்கள் வரிசையாக வந்தார்கள். ஒருவர் செருப்பும் சத்தம் போடவில்லை. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

தண்ணீர் நிலைய வாசலில் வாட்ச்மேன் வெளிறிப்போனான். எங்கள் ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே இழுத்தான். கண்டக்டரம்மா ஒரு விசில் ஊத, பின்னால் வந்த கூட்டம் நின்றது. மகளைக் கேட்டுக்குள் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. நான் பிடித்து இழுத்தேன், சாய்ந்தாள்.

"இது அவ இறங்குற இடம் இல்லண்ணே" என்றாள் கண்டக்டரம்மா. பிறகு, பயணியைக் கேட்பதுபோல மகளைக் கேட்டாள். "எங்க இறங்கணும்?"

"வீடு."

வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். அங்கே சாம்பல் இடுப்பளவு. போனவர் யாரும் திரும்பியதில்லை.

"கேட்ட மூடப் போறேன், சீக்கிரம் வாங்க" என்று வாட்ச்மேன் கத்தினான்.

"நீங்க உள்ள போங்கண்ணே. நான் இவள இறக்கி விட்டுட்டு வரேன்."

இறக்கிவிட்டு வருகிறாளாம்! சாம்பல் மூடிய சாலையில் அவளுக்கு வழியே தெரியாது. இத்தனை வருஷமும் அவள் பார்த்தது பயணிகளின் முகத்தை. சாலையைப் பார்த்தவன் நான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "என் தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டு துணியை நனைத்து மூக்கில் கட்டினேன். வாட்ச்மேன் பெயர்சொல்லிக் கூப்பிடக் கூப்பிட வெளியே போய் வரிசைக்கு முன்னால் நின்றேன். பின்னால் கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

இரண்டு விசில் கேட்டது. நடந்தோம். பாலம் ஏறும்போது சாம்பல் முழங்காலைத் தொட்டது. இத்தனை பேர் பின்னால் வந்தும் என் மூச்சு மட்டும்தான் எனக்குக் கேட்டது. பயத்தில் என் நடை வேகமாகிக்கொண்டே போனது.

அப்போது என் முதுகுக்குப் பின்னால், மிக அருகில், வறண்ட குரல் ஒன்று கேட்டது.

"மாமா, கொஞ்சம் மெதுவா போங்க. அம்மாவால நடக்க முடியல."