பல்கீஸ் மாமிக்குப் பக்கத்தில் ஜவாத் காக்கா

ஜவாத் காக்கா மவுத்தாகிவிட்டார். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஸ்பீக்கரில் சொன்னார்கள்... ஓத வேண்டியதை ஓதினேன்.

கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் பிரிண்டிங் கடை வைத்திருந்தாரே, அவர்தான்.

மவுத்தானவரைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும். சரி. அவருக்கு வேலை தெரியும். நன்றாகவே தெரியும்.

எங்கள் மாதர் சங்கத்தின் கணக்கும் வருடாந்த அறிக்கையும் என் பொறுப்பு. எழுத்தை நான் வீட்டில் டைப் செய்வேன். படங்களை அவர்தான் பிரிண்டருக்கு ஏற்றமாதிரி மாற்றுவார்.

"பிரிண்டருக்கு முகம் விளங்காதுகா, புள்ளிதான் விளங்கும். எங்க புள்ளி வெக்கிற, எங்க உடுற எண்டு அதுட பாஷையில நாமதான் சொல்லோணும்" என்பார். கறுத்த முகம் என்றால் முதலில் வெளிச்சம் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் புள்ளியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அதையும் அவர்தான் சொன்னார்.

ஒரு வருடம், பாய் இழைக்கும் பல்கீஸ் மாமியின் படமும் அறிக்கையில். மாமி ஆசைப்பட்டு எடுத்த ஒரே படம். புத்தகம் பார்க்க என்னோடு கடைக்கே வந்துவிட்டா.

திறந்தால்... முக்காட்டுக்குள் ஒரு கறுப்புத் திட்டு.

"என்ட மூக்கெங்க மனே?"

"கறுத்தாளுக்குக் கறுப்புத்தானே மாமி வரும்? மெஷின் பொய் சொல்லாது!" என்றார் காக்கா.

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்தா.

அடுத்த பக்கத்தில் நன்கொடை தந்த ஹாஜியார். அவரும் மாமியின் நிறம்தான். நெற்றியில் தொழுத அடையாளம் வரைக்கும் தெளிவு.

வீட்டுக்கு வந்ததும் மாமி அசல் போட்டோவை அடுப்பில் போட்டா. பிறகு கேமராவைக் கண்டாலே எழும்பிப் போய்விடுவா. போன நோன்பில் மவுத்தானா. படமிருந்த அடையாள அட்டையையும் மரணப் பதிவோடு கொடுத்தாயிற்று.

இப்போதெல்லாம் படங்களை நானே மாற்றுகிறேன். இந்த வருட அறிக்கை இந்தக் கிழமை அடிக்க வேண்டும். அடக்கம் முடிந்து காக்காவின் மகன் கோல் எடுத்தார்.

"ராத்தா, இத்தன வருஷம் புத்தகம் அடிச்ச மனிசன்... வாப்பாட படமும் போடுவீங்கதானே? கறுப்பா வராமப் பாருங்க."

"ஓம் தம்பி."

வெளிச்சம் கூட்டிவிட்டேன் காக்கா. மூக்கு தெரிகிறது. அந்தச் சிரிப்பும் தெரிகிறது.

மவுத்தானவர்களுக்கான பக்கத்தில் இரண்டே படம். உங்களுக்குப் பக்கத்தில் பல்கீஸ் மாமி. நீங்கள் அடித்த அதே படம்தான், வேறு இல்லையே.

போய் வாருங்கள் காக்கா. மாமி அங்கேதான் இருக்கிறா.