கறிவேப்பிலைக்கு வெயில் காட்டியது

கனடாவின் மொன்றியலில் ஜனவரி மாதத்து வெயிலை நம்பக்கூடாது. வானம் துடைத்துவிட்டதுபோல நீலமாக இருந்து, கண் கூச வெயில் எறித்தால் அன்றைக்குத்தான் குளிர் ஆளைக் கொல்லும். இந்த ஊரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். ஏழு வயதில் எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

அப்போது நாங்கள் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் இருந்தோம். எங்கள் தோட்டம் கோடையில் பல்கனியிலும் குளிர்காலத்தில் வரவேற்பறை ஜன்னலடியிலும் இருக்கும். மிளகாய் இரண்டு, கற்பூரவள்ளி ஒன்று, அம்மாவின் கறிவேப்பிலை. கறிவேப்பிலை நான்கு குளிர்காலம் தாண்டி என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தது. அம்மா கறிக்குத் தாளிக்கும்போது இலைகளை எண்ணித்தான் ஒடிப்பார்.

வீட்டுக்குள் செடியைக் கொல்வது குளிர் அல்ல, ஹீட்டரின் வறட்சி. அதனால் அம்மா சட்டிகளின் கீழ் தட்டங்களில் தண்ணீர் வைப்பார், ஹீட்டருக்கு மேலே ஈரத் துவாய் விரிப்பார், காலையில் இலைகளுக்குத் தண்ணீர் விசிறுவார். தட்டங்களை நிரப்புவது என் வேலை. அப்படிப் பார்த்தும் தை பிறந்தால் கறிவேப்பிலை இலை கொட்டும்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அம்மாவின் தங்கை, என் சித்தி, யாழ்ப்பாணத்திலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தார். ஆறு கிழமைக்குள் அப்பாவின் கம்பளிச் சட்டையைச் சுடுநீரில் தோய்த்து என் அளவுக்குச் சுருக்கிவிட்டார். மெட்ரோவில் எதிர்ப்பக்கம் ஏறி, கடைசி நிலையத்தில் குந்தியிருந்து அழுதார். "நான் திரும்பிப் போகப்போறன் அக்கா" என்று கிழமைக்கு மூன்று தரமாவது சொல்வார். "பனி கரையட்டும், பேந்து யோசிப்பம்" என்பார் அம்மா.

ஒரு சனிக்கிழமை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். சித்தி ஜன்னலடியில் உதிர்ந்து கிடந்த மஞ்சள் இலைகளைப் பொறுக்கினார்.

"பாவம், இதை வீட்டுக்குள்ள பூட்டி வைச்சிருந்தா பட்டுப்போகும்தானே. வெளியில பார், என்ன வெயில்! கொஞ்ச நேரம் வெயில் காட்டுவம். கதவைத் திற குஞ்சு."

திறந்தேன். குளிர் கன்னத்தில் அறைந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் பெரியவர்கள் சொன்னால் மறுத்துக் கதைக்கக்கூடாது என்று பழக்கப்பட்ட பிள்ளை நான். அதோடு, வந்த நாளிலிருந்து சித்தி இப்படி உற்சாகமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. (இப்போது என் மகள் எதற்கும் "நோ" என்று எதிர்த்து நிற்கும்போது கண்டிப்பதா விடுவதா என்று தடுமாறுகிறேன். அந்தக் கதவுதான் நினைவுக்கு வருகிறது.) சித்தி செடியைப் பல்கனியில் வைத்துவிட்டுச் சமைக்கப் போனார். இருவரும் செடியை மறந்துபோனோம்.

பின்னேரம் அம்மா வந்தபோது இலைகள் அவித்த கீரைபோலக் கறுத்துத் தொங்கின.

"நான் தொட்டதெல்லாம் இப்பிடித்தான்" என்றார் சித்தி. "என்னை அனுப்பிவிடு அக்கா. இந்த நாடு எனக்குச் சரிவராது."

அம்மா சட்டியைக் கட்டிப்பிடித்து உள்ளே தூக்கி வந்தார். "விசரி, இலைதானே போச்சு. வேர் நித்திரை கொள்ளுது. மே மாதம் தளிர்க்கும். இனி நீதான் இதைப் பாக்கவேணும், எனக்கு நேரமில்லை."

ஒரு கிழமை கழித்து, சித்தி குளித்துக்கொண்டிருந்த நேரம், அம்மா தண்டை நகத்தால் சுரண்டிப் பார்ப்பதைக் கண்டேன். உயிர் இருந்தால் உள்ளே பச்சை தெரியும். அடிவரைக்கும் மண்ணிறமாக இருந்தது.

"சித்தியிட்டச் சொல்லாதை" என்றார் அம்மா. "அவள் போயிடுவாள்."

சித்தி அந்தக் குச்சியைப் பராமரித்ததுபோல என்னைக்கூட யாரும் பராமரித்ததில்லை. தட்டத்துக்குத் தண்ணீர், துவாய்க்கு ஈரம், வெளிச்சத்துக்காகச் சட்டியை நாளுக்கொரு பக்கம் திருப்புதல். பிரெஞ்சு வகுப்புக்குப் போகத் தொடங்கிய பிறகு, "போன்ஜூர் மதாம்" என்று அதற்குத்தான் முதலில் சொல்லிப் பழகினார். அதைப் பார்த்துப் பார்த்துச் சோற்றைப் பாதியில் தள்ளிவைத்தேன். வயிற்றுக்கு என்னவோ என்று அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தார்.

மார்ச் மாதம் ஒருநாள் என்னால் முடியவில்லை. "சித்தி, அது செத்துப்போச்சு."

அவர் தண்ணீர் விசிறுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் குஞ்சு. நான் எப்பவோ சுரண்டிப் பாத்திட்டன். அம்மாட்டச் சொல்லிப்போடாதை. நாலு வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்தவ, தாங்கமாட்டா."

அன்றிலிருந்து என்னிடம் இரண்டு இரகசியங்கள். தட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் சாட்டில் நானும் போய் அந்தக் குச்சியைப் பார்த்துவருவேன். ஒருவேளை தளிர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று.

மே மாதம் அப்பா சட்டிகளைப் பல்கனிக்குத் தூக்கினார். சித்தி அப்போது கார்டெரி என்கிற ஒரு குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். திரும்பிப் போகிற கதை அவர் வாயில் வந்து நெடுநாளாகிவிட்டது. அக்காவும் தங்கையும் அந்தச் சட்டிக்கு இரண்டு பக்கமும் குந்தினார்கள். நான் கதவடியில் நின்றேன்.

"பட்டுப்போச்சுப் போல கிடக்கு, அக்கா."

"ஓம். அப்பிடித்தான் கிடக்கு."

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்றார் அம்மா.

"உனக்கு?"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. அப்படியொரு சிரிப்பு. கீழே தெருவில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சித்தி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தார். இருவரும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள்.

செத்துப்போன செடிக்கு முன்னால் பெரிய மனிதர் இப்படிச் சிரிக்கலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. உள்ளே ஓடிப்போய்க் கட்டிலில் விழுந்து விம்மினேன். அந்தக் கறிவேப்பிலைக்காக அழுதது எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.