பேசத் தெரிந்த வங்கி

எனக்குப் பார்வை முழுதாகப் போய் ஆறு வருடம் ஆகிறது. விழித்திரை நோய், கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோனது. சமையலறைக்குப் பழகினேன். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் இந்த இர்விங்கில் பாதி தூரம் போனதும் காணாமல் போகும் நடைபாதைகளுக்கும் பழகினேன். போன மார்ச்சில் எங்கள் வங்கி தன் ஆப்பைப் புதுப்பித்ததே, அதற்கு மட்டும் பழக முடியவில்லை.

அதுவரை திரையில் இருப்பதையெல்லாம் என் போன் குரலில் படித்துச் சொல்லும். என்ன வந்தது, என்ன போனது என்று வரிவரியாகக் கேட்பேன். புதுப்பித்த பிறகு எங்கே விரல் வைத்தாலும் "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. என்ன பட்டன் என்று சொல்லத் துப்பில்லை. பார்க்க ரொம்ப அழகாக இருக்கிறதாம், என் கணவர் சொன்னார். யாருக்கு வேண்டும் அழகு?

கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக் கணக்கு என் கையில்தான். டாக்ஸ் போட்டது நான், இன்ஷூரன்ஸ்காரர்களோடு சண்டை போட்டது நான். இப்போது அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

"சம்பளம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சுமா."

"எவ்வளவு இருக்கு?"

ஒரு தொகை சொல்வார். கேட்டுக்கொள்வேன். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் என் வீட்டில் நானே விருந்தாளி மாதிரி இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. என் வீட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரிய வேண்டும்.

எங்கள் அபார்ட்மெண்ட் தமிழர்களின் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டேன்: பார்வையில்லாதவர்கள் தாங்களே பயன்படுத்தக்கூடிய ஆன்லைன் பேங்க் எது? பதில்கள் வந்து குவிந்தன. எதில் வட்டி அதிகம், எதில் சேர்ந்தால் போனஸ், எதில் ஊருக்கு அனுப்பக் கட்டணம் இல்லை. நம் ஆட்கள் வங்கி தேடுவது செய்கூலி குறைந்த நகைக்கடை தேடுவது மாதிரிதான். நான் கேட்ட கேள்விக்கு வந்தது ஒரே பதில்: "ஹஸ்பெண்ட பாக்கச் சொல்லுங்களேன் ஆன்ட்டி."

நானே ஒவ்வொன்றாக அழைத்தேன். முதல் வங்கியில், எங்கள் ஆப்பில் எழுத்தைப் பெரிதாக்கலாம் என்று பெருமையாகச் சொன்னார்கள். எவ்வளவு பெரிதாக்கினால் எனக்குத் தெரியும் என்று கேட்டேன். அடுத்தது, நான் மனிதப் பிறவிதான் என்று நிரூபிக்க, பஸ் இருக்கும் கட்டங்களைத் தொடச் சொன்னது. மூன்றாவது என் முகத்தைப் படமெடுக்கச் சொல்லிவிட்டு, முகம் சட்டத்துக்குள் வந்ததா இல்லையா என்று சொல்லாமல் ஊமையாக இருந்தது. அந்த வங்கியிடம் என் காதும் எங்கள் சீலிங் ஃபேனும் பத்திரமாக இருக்கின்றன.

நான்காவது வங்கியில் பேசிய பெண், ஒரு நிமிடம் என்று போய், பார்வையில்லாத தன் சக ஊழியரையே அழைத்து வந்தாள். அவர் எந்த இடத்தில் எப்படி விரலை இழுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தார். அந்த ஆப் எல்லாவற்றையும் பெயர் சொல்லிப் படித்தது: தேதி, அனுப்பியவர், எந்தக் கணக்கிலிருந்து, தொகை. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

கணவருக்கு மட்டும் சந்தோஷமில்லை. "இப்போ எதுக்கு மாத்தணும்? அதான் நான் இருக்கேன்ல?"

"நீங்க இருக்கீங்க. எனக்குத் தெரியணும்ல?"

அவருக்குச் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். விடாப்பிடியாக நின்று, இருவர் பெயரிலும் கணக்குத் திறந்து, சம்பளத்தை அங்கே மாற்றச் சொன்னேன். "ஹெச்.ஆர்.ல சொல்லிட்டேன், நெக்ஸ்ட் பே-ல இருந்து வந்துடும்" என்றார்.

சொன்னபடியே ஜூலை கடைசியில் வந்தது. காலைக் காப்பியோடு போனைத் திறந்தேன். தொகை, சென்ட் வரை சரியாக அவர் சம்பளம்தான். விரலை அடுத்த வரிக்கு இழுத்தேன். அனுப்பியவர், என் கணவர் பெயர். எந்தக் கணக்கிலிருந்து, சேமிப்பு.

பதினோரு வருடமாக அவர் சம்பள வரியைப் படித்தவள் நான். அதில் கம்பெனி பெயர் இருக்கும், பேரோல் என்று இருக்கும். நான் தொகையை மட்டும்தான் கேட்பேன் என்று நினைத்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்.

சாயங்காலம் வழக்கம்போல் வந்தார். சாவியை வைத்தார். "லாஸ் கொலினாஸ் ஆபீஸ்ல இருந்து வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு, ஃப்ரீவே ஃபுல்லா ஜாம்" என்றார்.

"சம்பளம் வந்துடுச்சு. நம்ம சேவிங்ஸ்ல இருந்து."

நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு சொன்னார்: "ஏப்ரல்லயே லே ஆஃப் பண்ணிட்டாங்க."

"தினமும் எங்க போறீங்க?"

"லைப்ரரி. அங்க உக்காந்துதான் அப்ளை பண்ணிட்டு இருக்கேன்."

"ஏன் சொல்லல?"

"உனக்கு இருக்கற கஷ்டம் போதாதா? பயந்துடுவன்னு..."

கிரீன் கார்டு வந்துவிட்டது, நாட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. வேலை போவது இங்கே புதிதுமில்லை. எனக்கு வலித்தது வேறு. கண் தெரிந்த மனைவியிடம் இந்தப் பொய் ஒரு வாரம் தாங்கியிருக்காது. அவர் முகமே காட்டிக் கொடுத்திருக்கும். நான்கு மாதமாக என் இருட்டை அவர் பயன்படுத்திக்கொண்டார். அன்பால்தான் செய்தார் என்பது அதை இன்னும் மோசமாக்கியது.

"எனக்குக் கண்ணுதான் தெரியாது" என்றேன்.

சேமிப்புக் கணக்கையும் அந்த ஆப்பில் இணைக்கச் சொன்னேன். மறுக்காமல் பாஸ்வேர்டு போட்டார். போனை மேசையின் நடுவில் வைத்தேன். நான் கேட்கும் வேகத்தில் அந்தக் குரல் மற்றவர்களுக்கு வெறும் இரைச்சல், அவருக்கு ஒருநாளும் ஒரு வார்த்தை புரிந்ததில்லை. வேகத்தைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன், அவருக்கும் புரியும் வரை.

சேமிப்பிலிருந்து போனதையெல்லாம் அது வரிவரியாகச் சொன்னது. மே வாடகை. கார் இன்ஷூரன்ஸ். என் கண் டாக்டர். ஜூன் வாடகை.

"போதும்மா" என்றார்.

நான் நிறுத்தவில்லை.